கொதிகலன்காரர்களின் காது

கொதிகலனுக்கு ரிவெட் அடிப்பது ஒருவர் தனியாகச் செய்யும் வேலையல்ல. உலையடியில் நிற்கும் பையன் ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்துக் கொடுப்பான். தகடுகளின் துளைக்குள் அது புகுந்ததும், கொதிகலனுக்கு உள்ளே இருப்பவர் கனத்த சம்மட்டி ஒன்றை அதன் தலையில் முட்டுக்கொடுத்து அசையாமல் பிடித்துக்கொள்வார். வெளியே இருவர் மாறி மாறி அடித்து, மறுமுனையை இன்னொரு தலையாகப் பரத்துவார்கள். இரும்பு ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஆறும்போது ரிவெட் சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிக் கவ்விக்கொள்ளும். நீராவியின் அழுத்தத்துக்கு ஈடுகொடுப்பது அந்தக் கவ்வல்தான்.

அடி விழுவது வெளியே. ஓசை தங்குவது உள்ளே. நாற்புறமும் இரும்பு சூழ்ந்த அந்த இருட்டுக்குள், தலைக்கு ஒரு முழம் தள்ளி விழும் ஒவ்வொரு அடியையும் உள்ளே இருப்பவரின் காதுதான் வாங்கியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களுக்கு இரவு படுத்த பிறகும் காதுக்குள் இரைந்துகொண்டே இருக்கும். சில மாதங்களில் அது பழகிவிடும். பழகிவிட்டது என்று அவர்கள் நினைத்தது உண்மையில் காது சாகத் தொடங்கியதன் அடையாளம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் இந்தச் சத்தத்தில்தான் செழித்தது. கிளைட் ஆற்றின் இரு கரைகளிலும் கப்பல் தளங்கள், இன்ஜின் பட்டறைகள், கொதிகலன் கொட்டகைகள். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் உலகம் கட்டிய கப்பல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஆற்றங்கரையில் மிதக்கவிடப்பட்டது. கொதிகலன் தொழிலாளர்கள் நல்ல கூலி வாங்கியவர்கள், வலுவான சங்கம் வைத்திருந்தவர்கள். அவர்களுக்குக் காது மந்தம் என்பது ஊரறிந்த சங்கதி. அந்த நோய்க்கே 'பாய்லர்மேக்கர் காது' என்றுதான் பெயர். தெரிந்த சங்கதி என்பதாலேயே அதை அளந்து பார்க்கப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடவில்லை.

அளந்தவர் தாமஸ் பார் என்ற கிளாஸ்கோ காது மருத்துவர். 1886இல் அந்நகரின் தத்துவச் சங்கத்தில் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். கொதிகலன் தொழிலாளர் 100 பேர், இரும்பு வார்ப்படத் தொழிலாளர் 100 பேர், தபால்காரர் 100 பேர் என்று மூன்று கூட்டங்களை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டார். வார்ப்படக்காரர்களும் இரும்போடு உழைப்பவர்கள்தான். ஆனால் அவர்கள் வேலையில் அத்தனை ஓசை இல்லை. தபால்காரர்கள் காற்றோட்டமாகத் தெருவில் நடப்பவர்கள். இந்த மூவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கூலி வேலையா, இரும்பு வேலையா, சத்தமா, எது காதைக் கெடுக்கிறது என்ற கேள்விக்கு அப்படித்தான் விடை காண முடியும்.

அன்றைக்குக் கேட்புத் திறனை அளக்கும் மின் கருவிகள் வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. பார் ஒரு கடிகாரத்தைப் பயன்படுத்தினார். நல்ல காதுள்ளவருக்கு 36 அங்குலத் தொலைவில் அதன் டிக் டிக் கேட்க வேண்டும். எத்தனை அங்குலம் நெருங்கி வந்தால் கேட்கிறது என்பதுதான் கணக்கு. 100 கொதிகலன் தொழிலாளரில் ஒருவருக்குக்கூடச் சரியான கேட்புத் திறன் இல்லை.

பார் இன்னொன்றும் செய்தார். அதுதான் அந்த ஆய்வின் மிக ஆழமான பகுதி. பொதுக்கூட்டத்தில் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். தபால்காரர்களில் 100க்கு 8 பேரும் வார்ப்படக்காரர்களில் 12 பேரும் சிரமமாக இருக்கிறது என்றார்கள். கொதிகலன்காரர்களில் 75 பேர் சரியாகக் கேட்பதில்லை என்றோ அறவே கேட்பதில்லை என்றோ சொன்னார்கள். அந்தக் காலத்து கிளாஸ்கோவில் ஒரு தொழிலாளியின் பொதுவாழ்வு முழுக்கக் கூட்டங்களில்தான் நடந்தது: ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், சங்கக் கூட்டம், தேர்தல் மேடை. நான்கில் மூன்று பேர் அதற்கு வெளியே தள்ளப்பட்டிருந்தார்கள். கடிகாரச் சோதனை காதின் நிலையைக் காட்டியது. இந்தக் கேள்வி அந்தக் காதுக்கு உரியவருடைய வாழ்க்கை எப்படிச் சுருங்கியிருக்கிறது என்பதைக் காட்டியது. முதுமையில் மூளைக்கு என்ன ஆகிறது என்ற ஆராய்ச்சிக்கு இப்படியொரு கேள்விதான் தேவையாக இருந்தது. ஆனால் அந்த வழியில் மருத்துவம் வந்து சேர மேலும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

பாருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. இத்தாலியின் மொடேனாவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் எழுதினார். கக்கூஸ் தோண்டி எடுப்பவர், கல்லுடைப்பவர் என்று யாரும் ஏறெடுத்துப் பார்க்காதவர்களின் உடம்பை அதில் அவர் பார்த்தார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். வெனிஸ் நகரத்தில் செம்பு அடிப்பவர்கள் ஒரே வட்டாரத்தில் குடியிருந்தார்கள். நாளெல்லாம் அடித்து அடித்துத் தகட்டை வளைக்கும் அவர்களுக்கு முதலில் காது மந்தமாகும். வயதானால் முழுச் செவிடாகிவிடும் என்று ரமாசினி குறித்தார். வயது என்ற சொல் அங்கேயே வந்துவிட்டது. ஆனால் அந்தக் கிழவர்களின் மனநிலை என்ன ஆயிற்று என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் யாரும் எதுவும் செய்யவில்லை? முதலாளிகளின் கல்நெஞ்சம் மட்டும் காரணமல்ல. சத்தம்தான் சோறு. கிளைட்பேங்கில் 'குயீன் மேரி' கப்பலின் கட்டுமானம் பொருளாதார மந்தத்தால் 1931 டிசம்பரில் நின்றது. இரண்டு ஆண்டுக்கு மேல், 1934 ஏப்ரல் வரை, பாதி கட்டிய உடல் அப்படியே துருப்பிடித்து நின்றது. அந்த ஊருக்கு அமைதி என்றால் பட்டினி. மறுபடியும் சம்மட்டி ஒலித்த நாளை ஊரே கொண்டாடியது. அந்தக் கப்பலில் ஒரு கோடிக்கு மேல் ரிவெட்டுகள் அடிக்கப்பட்டன. அப்போதைக்குக் கைச் சம்மட்டியின் இடத்தை அமுக்கிய காற்றால் ஓடும் சுத்தியல் பிடித்திருந்தது. அது வேலையை வேகமாக்கியது, ஓசையையும் பெருக்கியது. காது போனால் போகிறது, கூலி வரட்டும் என்று நினைத்தவர்களை நூறாண்டு கழித்து நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்வது நியாயமாகாது.

நெசவாலைகளிலும் இதே கதைதான். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். லங்காஷயரின் பருத்தி ஆலைகளில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அதனால் அந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு பேச்சு முறையை வளர்த்துக்கொண்டார்கள். வாயை அகலத் திறந்து, உதட்டை மிகைப்படுத்தி அசைத்து, கையையும் முகத்தையும் கூட்டிப் பேசும் அதற்கு 'மீ-மோ' என்று பெயர். தறி வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஊர்ச் சண்டை, கல்யாணச் செய்தி, பிள்ளைப்பேறு எல்லாம் சத்தமில்லாமல் போய்ச் சேரும். ஆலைக்கு வெளியேயும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. அந்தரங்கமான விஷயங்களை உதட்டை மட்டும் அசைத்துச் சொல்வது அவ்வட்டாரத்துப் பாட்டிமார்களின் முத்திரையாகவே ஆகிவிட்டது.

இந்த மீ-மோவைச் சும்மா ஒரு வேடிக்கையாகக் கடந்துவிடக் கூடாது. ஒரு கூடத்தில் எல்லோருக்கும் காது மந்தம் என்றால் அங்கே காது மந்தம் ஒரு குறையாக உறைப்பதில்லை. எல்லோரும் உதட்டைப் பார்க்கத் தெரிந்தவர்கள், எல்லோரும் முகத்துக்கு நேராகப் பேசுகிறவர்கள். கொதிகலன் கொட்டகையிலும் சைகை உண்டு, சத்தமான வெடிச் சிரிப்பு உண்டு. வேலை இருக்கும்வரை கூட்டம் இருந்தது. ஓய்வு பெற்ற நாளோடு அந்தக் கூட்டம் கலைந்தது. பிறகு மிச்சமிருப்பது வீடு, காதுள்ள பேரப்பிள்ளைகள், வேகமாகப் பேசும் மருமகள், ரேடியோ. அறுபத்தைந்து வயதில்தான் அந்த மனிதர் முதன்முறையாக உண்மையிலேயே செவிடானார் என்று சொல்லலாம்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் வங்காளத்துச் சணலை நெய்து வாழ்ந்த ஊர். அங்கே ஐம்பது ஆண்டுவரை ஒரே வகைத் தறியில், ஒரே அளவு இரைச்சலில் உழைத்த பெண்கள் இருந்தார்கள். 1960களில் மருத்துவர் வில்லியம் டெய்லரும் அவருடைய குழுவினரும் அவர்களைத் தேடிப் போய், கேட்புத் திறனை ஒலிமானி என்ற கருவியால் அளந்தார்கள். பின்னர் வாழ்க்கையைப் பற்றியும் விசாரித்தார்கள்: அந்நியரோடு பேச முடிகிறதா, தொலைபேசியில் கேட்கிறதா, பொதுக்கூட்டத்தில் கேட்கிறதா? தாமஸ் பாரின் கேள்வி எண்பத்தைந்து ஆண்டுக்குப் பின் ஸ்காட்லாந்தின் இன்னொரு மூலையில் மறுபடியும் கேட்கப்பட்டது. தறிக்குப் போகாத பெண்களைவிடப் போனவர்கள் இவை எல்லாவற்றிலும் வெகுவாகத் தடுமாறினார்கள்.

சத்தம் காதில் எதைக் கெடுக்கிறது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. பிராகாவில் ஹாபர்மான் என்ற மருத்துவர் 1890இல் இத்தகைய தொழிலாளி ஒருவரின் உட்காதை இறப்புக்குப் பின் ஆராய்ந்தார். நத்தை ஓடுபோல் சுருண்ட நத்தைக்குழலின் அடிச்சுற்றில் இருக்கவேண்டிய நுண்மயிர்ச் செல்கள் அழிந்திருந்தன. உயர்ந்த சுருதிகளை வாங்குவது அந்த அடிச்சுற்றுதான். இறந்துபோன அந்தச் செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. ஸ, ஷ, ச, ஃப போன்ற ஒலிகள் உயர்சுருதியில் இருப்பதால் அவைதான் முதலில் நழுவும். ஆகவே இவர்களுக்குப் பேச்சு காதில் விழும். ஆனால் சொல் பிடிபடாது. 'கேட்கிறது, புரியவில்லை' என்று ஒரு பெரியவர் சொல்லும்போது அவர் தம் நோயைத் துல்லியமாகச் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர்களோ புத்தி மழுங்கிவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள்.

வயதானால் காது மங்குவது இயற்கைதானே என்ற வாதமும் பழையது. நியூயார்க் காது மருத்துவர் சாமுவேல் ரோசன் 1960களின் தொடக்கத்தில் அன்றைய சூடானின் தென்கிழக்கில் மாபான் மக்களிடம் போனார். துப்பாக்கி இல்லை, முரசு இல்லை, இயந்திரம் இல்லை. அத்தனை அமைதியான வாழ்க்கை. அங்கே எழுபது வயதுக்காரர்களின் காது, அமெரிக்க நகரங்களில் அதே வயதில் இருந்தவர்களின் காதைவிட மிகக் கூர்மையாக இருந்தது. உணவு, இரத்த அழுத்தம் என்று வேறு காரணங்களும் கலந்திருக்கக்கூடும். ஆனால் முதுமைச் செவிடு என்று நாம் கைகழுவிவிடும் ஒன்றில் கணிசமான பங்கு மனிதர் உண்டாக்கியது என்ற எண்ணத்தை மாபான் முதியவர்கள் மருத்துவ உலகில் ஆழமாக விதைத்தார்கள்.

இனி டைன் ஆற்றங்கரைக்கு வர வேண்டும். இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் நகரம். அங்கேயும் கப்பல் தளங்கள், கொதிகலன்கள், அதே காதுகள். 1956 முதல் அங்கே மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் புடாபெஸ்டில் பிறந்த மார்ட்டின் ரோத். முதுமையில் வரும் மனநோய்களை மூட்டையாகக் கட்டி 'கிழட்டுப் புத்தி' என்று ஒதுக்கிவைத்த காலத்தில், அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் போராடினார். அவருடைய சகாக்களான கேரி பிளஸ்டும் பெர்னார்ட் டாம்லின்சனும் அவரோடு சேர்ந்து 1968இல் வெளியிட்ட கட்டுரை, டிமென்ஷியா என்னும் மறதி நோயின் வரலாற்றில் ஒரு மைல்கல். உயிரோடு இருந்தபோது முதியவர்களின் மறதியை மதிப்பெண் போட்டு அளந்தார்கள். இறந்த பின் மூளையில் படிந்த புரதப் படிவுகளை எண்ணினார்கள். படிவு மிக மிக, மறதியும் மிகுந்திருந்தது. முதுமை மறதி என்பது வயதின் இயல்பல்ல, ஒரு நோய் என்பதற்கு அப்படித்தான் கணக்கோடு சான்று கிடைத்தது.

அதே நியூகாசில் குழு காதையும் கவனித்தது. டேவிட் கேயும் ரோத்தும் 1961இல் எழுதிய ஆய்வில், முதிய வயதில் சந்தேக நோய் பிடித்தவர்களிடையே காது கேளாதவர்கள் வழக்கத்துக்கு மேல் அதிகம் என்று காட்டினார்கள். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று நம்பும் நோய் அது. பாதி கேட்ட பேச்சை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது. 1974இல் அவர்கள் ஒலிமானியோடு மறுபடியும் அளந்து இதை உறுதி செய்தார்கள். காதும் முதிய மனமும் ஒரே ஆராய்ச்சி மேசைக்கு வந்துவிட்டன. ஆனாலும் அவர்கள் பார்த்தது சந்தேகத்தை, மறதியை அல்ல. மறதியை எண்ணியவர்களும் செவியை எண்ணியவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்தும் அந்தக் கடைசி முடிச்சு அப்போது விழவில்லை.

சட்டம் இன்னும் மெதுவாக நடந்தது. பிரிட்டன் அரசு 1963இல் 'இரைச்சலும் தொழிலாளியும்' என்று ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தது. தொழிலால் வரும் செவிடு இழப்பீட்டுக்குரிய நோயாக 1970களின் நடுவில்தான் பட்டியலில் ஏறியது. அதுவும் முதலில் சில தொழில்களுக்கு மட்டும். டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் நார்த் ஷீல்ட்ஸில் கப்பல் பழுதுபார்த்த தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் 1984இல் நீதிபதி மஸ்டில் தீர்ப்பளித்தார். முதலாளிகளுக்கு ஆபத்து வெகுகாலமாகத் தெரியும். ஆனாலும் 1963க்குப் பிறகு காதைக் காக்கத் தவறியதற்குத்தான் அவர்கள் பொறுப்பு என்றார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் போன காதுகளுக்கு ஈடு இல்லை. தாமஸ் பார் எண்ணிக் கொடுத்து அப்போது 98 ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டத்தின் கண்ணில் அந்த 1886 ஆய்வு எழுதப்படாதது போலவே கிடந்தது. இந்த வரலாற்றில் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

அந்தக் கடைசி முடிச்சைப் போடத் தொடங்கியவர்கள் அமெரிக்காவின் சியாட்டல் நகரத்தில் இருந்தார்கள். ரிச்சர்ட் உல்மனும் குழுவினரும் 1989இல் டிமென்ஷியா உள்ள 100 பேரையும் இல்லாத 100 பேரையும் வயது ஒப்பிட்டு நிறுத்திக் கேட்புத் திறனை அளந்தார்கள். நோயுள்ளவர்களிடம் காது மந்தம் கூடுதலாக இருந்தது. மந்தம் கூடக்கூட நோய்க்கான வாய்ப்பும் கூடியது. ஆனால் எது முதலில் வந்தது? டிமென்ஷியா வந்தவருக்குக் காதுச் சோதனையே சரியாகச் செய்ய வராமல் போயிருக்கலாமே? ஒரே நாளில் இரண்டையும் அளந்தால் இதற்கு விடை கிடையாது. நலமாக இருக்கும்போதே காதை அளந்துவிட்டு, பல ஆண்டுகள் காத்திருந்து பார்க்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்த இடம் பால்டிமோர். அங்கே 1958இல் தொடங்கிய முதுமை ஆய்வு, தன்னார்வலர்களை வாழ்நாளெல்லாம் பின்தொடர்ந்து வருகிறது. 1990 முதல் 1994 வரை அவர்களில் 639 பேருக்குக் காது அளக்கப்பட்டது. அப்போது ஒருவருக்கும் டிமென்ஷியா இல்லை. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் 58 பேருக்கு வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் காது மருத்துவர் ஃபிராங்க் லின் 2011இல் கணக்கிட்டபோது, லேசான மந்தம் இருந்தவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தர மந்தத்துக்கு மூன்று மடங்கு, கடுமையான மந்தத்துக்கு ஐந்து மடங்கு என்று வந்தது. படிப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் இந்தப் படிக்கட்டு நின்றது.

காது மங்கினால் மூளை ஏன் மங்க வேண்டும்? ஒரு விளக்கம், உழைப்பைப் பற்றியது. உடைந்து உடைந்து வரும் சொற்களை ஒட்டவைப்பதிலேயே மூளையின் சக்தி செலவானால், கேட்டதை நினைவில் பதிக்க மிஞ்சுவது குறைவு. இன்னொன்று, பயன்படாத பகுதி சுருங்குவது. பேச்சைக் கையாளும் பக்கமடல் பகுதிகள் காது மந்தமானவர்களிடம் விரைவாகச் சுருங்குவதை மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. இரத்தக்குழாய் கெடுவது காதையும் மூளையையும் ஒரே நேரத்தில் அரிக்கலாம் என்பதும் ஒதுக்கிவிட முடியாத விளக்கம். அப்படியானால் இரண்டும் ஒரே வேரின் கிளைகள். ஆனால் கிளாஸ்கோவையும் டண்டீயையும் படித்துவிட்டு வருகிறவருக்குத் தனிமை என்ற விளக்கம்தான் முதலில் நெஞ்சில் தைக்கும். கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியவர், பிறகு விருந்துக்குப் போவதை நிறுத்துகிறார், பிறகு வாசலில் வந்து உட்காருவதையும் நிறுத்துகிறார். பேச்சு நின்றுபோன வீட்டில் மூளைக்கு வேலை ஏது?

'லான்செட்' இதழ் கில் லிவிங்ஸ்டன் தலைமையில் அமைத்த நிபுணர் குழு 2017இல் அறிக்கை கொடுத்தபோது, தடுக்கக்கூடிய ஒன்பது காரணங்களில் நடுவயதில் வரும் காது மந்தமே மிகப் பெரியது என்றது. உலகில் அது அறவே இல்லாமல் போனால் டிமென்ஷியா 9 சதவீதம் குறையும் என்பது அவர்களின் மதிப்பீடு. 2020இல் 12 காரணங்களோடு அது 8 சதவீதமாயிற்று. 2024இல் 14 காரணங்களோடு 7 சதவீதம், கெட்ட கொழுப்புக்குச் சமமாக. இவை மக்கள்தொகை முழுவதற்குமான கணக்குகள். காது மந்தமான ஒவ்வொருவருக்கும் மறதி நோய் வரும் என்று இதற்குப் பொருளே இல்லை. மிகப் பலருக்கு வருவதில்லை. இதைப் படித்துவிட்டு எந்தப் பெரியவரும் பயந்துபோகக் கூடாது.

கேட்புக் கருவி மாட்டினால் தடுக்க முடியுமா? 2023 ஏப்ரலில் பிரிட்டனின் பெரிய தரவுத்தொகுப்பைக் கொண்டு வெளியான ஒரு கட்டுரை, கருவி அணிந்தவர்களுக்கு ஆபத்தே கூடவில்லை என்றது, உலகெங்கும் செய்தியாயிற்று. அணிந்தவர்களையும் அணியாதவர்களையும் கணினிக் குறியீட்டில் மாற்றிப் போட்டது தெரியவந்து, அந்த ஆண்டு டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. அதே 2023இல் வந்த 'அச்சீவ்' சோதனைதான் நம்பத் தகுந்தது. அமெரிக்காவின் நான்கு ஊர்களில் 70 முதல் 84 வயதுவரை 977 பேர். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குக் கருவியும் செவியியலாளரின் துணையும். மறுபாதிக்கு உடல்நல வகுப்பு. மூன்று ஆண்டு முடிவில் மொத்தமாகப் பார்த்தால் இரு பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் நீண்டகால இதய ஆய்வு ஒன்றிலிருந்து வந்த 238 பேர், ஆபத்துக் காரணங்கள் கூடுதலாக உடையவர்கள். அவர்களிடம் மட்டும் அறிதிறன் தேய்வது கருவியால் 48 சதவீதம் குறைந்திருந்தது. வேகமாகச் சரிகிறவருக்குத் தாங்கல் பயன்படுகிறது, மெதுவாகச் சரிகிறவரிடம் மூன்று ஆண்டில் அது தெரிவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இதைவிடப் பெரிதாக எதையும் இப்போது உறுதி சொல்ல முடியாது.

நினைவுச் சோதனை பெரும்பாலும் வாய்மொழியாகவே நடக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்கிறார், சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார். முதலிலேயே சொல் காதில் சரியாக விழாதவர் அந்தச் சோதனையில் தோற்பார், அது மறதியல்ல. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுக் குழுவான நைஸ், டிமென்ஷியா உள்ளவர்களையும் இருக்குமோ என்று சந்தேகிக்கப்படுபவர்களையும் காதுச் சோதனைக்கு அனுப்பப் பரிசீலிக்கும்படி 2018இல் எழுத்தில் கொண்டுவந்தது.

இந்தக் கதை மேற்கு நாடுகளோடு நிற்பதல்ல. ரயில் போன இடமெல்லாம் கொதிகலன் பட்டறையும் போனது. திருச்சிக்கு அருகில் 1928இல் அமைந்த பொன்மலை ரயில்வே பணிமனை நீராவி இன்ஜின்களைப் பழுதுபார்த்த இடம். நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்களைப் புதிதாகக் கட்டியதும் அங்கேதான். இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், இரைச்சலால் வரும் காது கேளாமையை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பின்னர் சேர்த்துக்கொண்டது. அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் எத்தனை பேரிடம் 'என்ன தொழில் செய்தீர்கள்' என்று ரமாசினியின் கேள்வி கேட்கப்படுகிறதோ! கேட்டால், பாத்திரப் பட்டறை, லேத் பட்டறை, விசைத்தறிக் கூடம், கல்குவாரி என்று பதில் வரக்கூடிய நாடு இது. ஆனால் அந்த 1948 சட்டம் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேர், இல்லாத இடத்தில் இருபது பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று ஏற்றது. நான்கு பேர் சுத்தியல் பிடிக்கும் கன்னார் பட்டறையும் எட்டுத் தறி ஓடும் வீட்டுக்கூடமும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அங்கே உழைத்தவர்களின் காதை அளக்கும் கடமையை அந்தச் சட்டம் யார் மேலும் சுமத்தவில்லை.